லாஸ்ட் பஸ் ஓடிய சனிக்கிழமை

சனிக்கிழமை பகல் ஒரு மணியிலிருந்து நாலரை வரை வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. ஆப்பரேட்டரம்மா வாழ்க்கையிடம் கேட்ட சலுகை இது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷம் அது தடையில்லாமல் கிடைத்தது. கணவருக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. மகள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று படிப்படியாக வெளியே போய்விட்டாள். கதவைச் சாத்தி, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மடிக்கணினியைத் திறந்து வைத்து, நோட்டை விரித்தால் உலகத்தில் அவளும் குதிரைகளும் மட்டும்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கணவர் ஓய்வு பெற்றார். சலுகையும் அன்றோடு போயிற்று.

குதிரை பார்ப்பது அவளுக்கு ஆஸ்பத்திரியில் தொற்றிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் அறையில் இருபத்துநான்கு வருஷம் ஆப்பரேட்டராக இருந்தாள். அங்கே இருந்த எலும்பு டாக்டர் ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஒரே நம்பரைப் போட்டுத் தரச் சொல்வார். யாரிடமோ ரகசியக் குரலில் ஒரு குதிரையின் பெயரைச் சொல்வார். சாயங்காலம் அதே நம்பரைக் கேட்பார், "சே!" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆப்பரேட்டர் காதில் விழாத பேச்சு ஆஸ்பத்திரியில் ஏது? அவர் சொன்ன பெயர்களையெல்லாம் பொழுது போகாமல் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்தாள். மறுநாள் பேப்பரில் முடிவைப் பார்த்தாள். ஒரு வருஷம் முடிந்தபோது அவளுக்கு இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு எலும்பைப் பார்ப்பதில் காட்டுகிற அக்கறையில் கால்வாசி கூடக் குதிரையைப் பார்ப்பதில் காட்டவில்லை. தன்னால் அவரைவிட நன்றாகப் பார்க்க முடியும்.

டெலிபோன் அறைக்கு மெஷின் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது வயது நாற்பத்தாறு. அடுத்த வாரமே கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினாள். இப்போது நடப்பது ஒன்பதாவது நோட்டு. ஒவ்வொரு குதிரைக்கும் தேதி, ஓடிய தூரம், தரை ஈரமா காய்ந்ததா, சுமந்த எடை, எத்தனையாவதாக வந்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஓரத்தில் குறிப்பும் உண்டு. "சோம்பேறி." "கூட்டத்தைக் கண்டால் மிரள்கிறது." "குதிரை நல்ல குதிரை, மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் பொறுமை இல்லை." ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு சினிமா டிக்கெட் காசுக்கு மேல் அவள் கட்டியதில்லை. ரேஸ் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

கணவருக்கு இதெல்லாம் தெரியும். மறுப்பு ஒன்றும் சொன்னதில்லை. அவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்தவர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டார். அவர் எதிர்த்திருந்தால்கூட அவள் சமாளித்திருப்பாள். வீட்டோடு வந்ததும் அவருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு மற்ற சனிக்கிழமைகள் போல் இல்லை. ஐந்தாவது பந்தயத்தில் லாஸ்ட் பஸ் ஓடுகிறாள்.

லாஸ்ட் பஸ் சாம்பல் நிறப் பெண் குதிரை. இரண்டு வருஷத்தில் பதினான்கு தடவை ஓடி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆரம்பத்தில் கடைசியில் கிடப்பாள். எல்லோரும் களைக்கிற நேரத்தில்தான் அவளுக்கு ஓட்டம் என்பதே ஞாபகம் வரும். அதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அவளுக்கு நீளமான தூரம் வேண்டும், சேறாகக் குழைந்த தரை வேண்டும், அவசரப்படாத ஜாக்கி வேண்டும் என்று ஆப்பரேட்டரம்மா எப்போதோ எழுதி வைத்திருந்தாள். மூன்றும் ஒரே நாளில் சேரவில்லை. இந்த வாரம் இரண்டு நாளாக மழை. தூரம் இரண்டாயிரம் மீட்டர். ஜாக்கி நரைத்த மீசைக்காரர், நிதானம். வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்த்ததுமே நோட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"பேர்லயே கடைசின்னு இருக்கேம்மா," என்றார் கணவர், தோளுக்குப் பின்னால் நின்று.

"பேர்ல என்னங்க இருக்கு?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னேன் என்று அவர் சொல்லாத நாளில்லை. சும்மா சொல்லியே மனிதர் உயிரை வாங்கினார்.

முதல் பந்தயத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் பை நிறையச் சாமானோடு பிளம்பர். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.

"சார்தான் இன்னிக்கே வரச் சொன்னாரும்மா."

ஆப்பரேட்டரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"திங்கள்கிழமைன்னா தண்ணி ரெண்டு நாள் வீணாப் போகும்," என்றார் அவர். "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சொட்டுதுன்னு பக்கெட் வச்சு அளந்து பார்த்தேன்."

"எப்ப அளந்தீங்க?"

"காலையில. நீ நோட்டுல முழுகியிருந்தியே."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பந்தயத்தில் அவள் கணக்குப்படி ஆறாம் எண் வர வேண்டும். கட்டினாள். கணவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கென்னவோ அந்த மஞ்சள் சட்டை போட்டவன் ஜெயிப்பான்னு தோணுது."

"அந்தக் குதிரை போன மாசம் நொண்டிச்சு."

"சட்டை பளிச்சுன்னு இருக்கும்மா."

மஞ்சள் சட்டை ஜெயித்தது. ஆறாம் எண் நான்காவதாக வந்தது. இரண்டாவது பந்தயத்தில், வாலை அழகாகப் பின்னியிருக்கிறது என்பதற்காக அவர் ஒரு குதிரையைக் காட்டினார். அதுவும் ஜெயித்தது. மூன்றாவதற்கு, குளியலறையிலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்த பிளம்பரிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, ஒரு நம்பர் சொல்லு."

"நாலு, சார்."

"ஏன் நாலு?"

"நாலாவது மாடியில குடியிருக்கேன்."

நாலாம் எண் மூன்று குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பைசா கட்டவில்லை. கட்டாமலே சிரித்துக்கொண்டார்கள். ஒன்பது நோட்டு எழுதியவள் மூன்றிலும் தோற்றுப் போய் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப யோசிக்காதம்மா. யோசிக்காம சொன்னாத்தான் வருது பாரு," என்றார் கணவர்.

வாயைத் திறந்தால் முப்பத்தைந்து வருஷக் குடும்பம் என்ன ஆகும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

நான்காவது பந்தயத்தின்போது பிளம்பர் சுவரில் துளை போட ஆரம்பித்தார். வர்ணனை ஒரு சொல் காதில் விழவில்லை. உதடு அசைகிற ஊமைப் படம்போலப் பந்தயம் ஓடி முடிந்தது. அதில் அவள் பணம் கட்டவில்லை. கட்டியிருந்தாலும் யார் ஜெயித்தது என்று அந்தச் சத்தத்தில் தெரிந்திருக்காது. எழுந்து போய்க் கணவரைத் தனியே கூப்பிட்டாள்.

"என்னங்க, மூணு மணிப் பந்தயம் எனக்கு முக்கியம். பத்தே நிமிஷம். நீங்களும் அவரும் அந்தப் பக்கமே இருங்க. சத்தம் வேண்டாம், யோசனை வேண்டாம், சும்மா எதுவும் சொல்ல வேண்டாம்."

அவள் குரலில் என்ன கேட்டாரோ, "சரி, சரி," என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். போகிறபோது கதவையும் சாத்தினார். அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக வீடு அவளுடையதாயிற்று.

மடிக்கணினித் திரையில் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டினார்கள். நடையைப் பார்க்காமல் காசு கட்டுவதில்லை என்பது அவள் வைத்திருந்த விதி. சில குதிரைகள் வேர்த்து நுரைத்திருந்தன. சில தலையை உதறின. லாஸ்ட் பஸ் கடைசியாக வந்தாள். காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தன. சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி, ஏதோ தனக்குப் பிடித்த தெருவில் நடப்பதுபோல நடந்தாள். ஒன்றுக்கு இருபத்திரண்டு என்று பலகையில் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் அவள்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஆப்பரேட்டரம்மா போனை எடுத்துப் பந்தயம் கட்டும் செயலியைத் திறந்தாள். பந்தயம் ஐந்து. குதிரை எண் ஒன்பது. அன்றைக்கு மிச்சமிருந்த காசு முழுவதையும் போட்டாள். எல்லாம் சரிதானா என்று ஒரு தடவை பார்த்தாள். 'உறுதி செய்' என்ற பச்சைப் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள்.

அந்த நொடியில் போன் அடித்தது. திரை மாறியது. விரல் இறங்கியது அழைப்பை எடுக்கும் பச்சையின் மேல்.

போன் அடித்தால் எடுப்பது அவள் மூளை செய்கிற வேலையில்லை. இருபத்துநான்கு வருஷத்தில் அது விரலுக்குப் போய்விட்டிருந்தது.

"ஏம்மா, தம்பி எங்க? பத்து தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கவே மாட்டேங்கறான்," என்றது நாத்தனாரின் குரல்.

கணவரின் அக்கா. அவளைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டின் மேலதிகாரி. குதிரை விஷயம் தெரியக் கூடாதவர்களின் பட்டியலில் முதல் பெயர்.

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம்..."

"எனக்கும் ஒரு நிமிஷம்தாம்மா. டெய்லர் கடையில நிக்கறேன். ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துத் தான்னு தம்பிகிட்ட சொன்னேன்ல, எழுதித் தந்திருக்கான். நூத்திப் பதினாலுன்னு போட்டிருக்கு. அங்குலமா, சென்டிமீட்டரா? எழுதவே இல்லையே! டெய்லர் கத்தரியை வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்க்கறார்."

வேலைக்காலம் முழுவதும் ஊரார் அளவையெல்லாம் சோதித்த மனிதர், சொந்த அக்காவின் ஜன்னலுக்கு அலகை எழுத மறந்துவிட்டார். ஆப்பரேட்டரம்மாவுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நடுவில் வெட்டக் கூடாது என்பதும் அந்த டெலிபோன் அறையில் படித்ததுதான். அழைப்பை ஒதுக்கிவிட்டுப் பழைய திரைக்குப் போக விரலால் துழாவினாள். மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். வானிலை வந்தது. மகளின் பிறந்த நாள் போட்டோ வந்தது. கடைசியில் பந்தயத் திரை வந்தபோது பொத்தான் சாம்பல் நிறமாக இருந்தது. 'பந்தயம் தொடங்கிவிட்டது.'

மடிக்கணினியில் கதவுகள் திறந்து குதிரைகள் பாய்ந்தன.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

லாஸ்ட் பஸ் வழக்கம்போலக் கடைசி. முன்னால் ஓடியவை கிளப்பிய சேறு அவள் முகத்தில் அடித்தது. ஆயிரம் மீட்டர் வரை அப்படியே. தோற்கட்டும், என்று ஆப்பரேட்டரம்மா மனதாரக் கேட்டுக்கொண்டாள். இரண்டு வருஷமாக எந்தக் குதிரை ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தாளோ அந்தக் குதிரை இன்றைக்குத் தோற்றுத் தொலையட்டும். கடைசி வளைவு வந்தது. எல்லாக் குதிரைகளும் உள்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு மிதிபட்ட சேற்றில் திணறின. மீசைக்கார ஜாக்கி மட்டும் அவசரமே இல்லாமல் குதிரையை வெளிப்பக்கமாகக் கொண்டுவந்தார். அங்கே தரை அதிகம் மிதிபடாமல் இருந்தது. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது.

ஆப்பரேட்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். தோற்கட்டும் என்று கேட்டதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"வா! வா! வா!" என்று கத்தினாள்.

"இப்பவா?" என்றார் நாத்தனார் போனில். "டெய்லர் கடையில இருக்கேன்னு சொல்றேன்ல?"

"வந்துடு! வா, என் ராசாத்தி!"

நாத்தனாருக்கு இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அப்படியொரு அழைப்பு யாரிடமிருந்தும் வந்ததில்லை. சாம்பல் நிறத் தலை ஒன்று எல்லாத் தலைகளையும் தாண்டி நீண்டது. அரைக் குதிரை நீளத்தில் லாஸ்ட் பஸ் ஜெயித்துவிட்டாள்.

ஆப்பரேட்டரம்மா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அதற்குள்ளிருந்து சின்னதாகக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்தல் கேட்டுக் கணவரும் பிளம்பரும் ஓடி வந்தார்கள்.

"என்ன ஆச்சு? ஜெயிச்சிட்டியா?"

"குதிரை ஜெயிச்சுடுச்சு."

"அப்ப நீ?"

"நான் உங்க அக்கா வீட்டு ஜன்னலை அளந்துகிட்டு இருந்தேன்."

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மெதுவாகக் கேட்டார். "இருபத்திரண்டு மடங்குன்னா, மொத்தம் எவ்வளவு..."

"பெருக்கினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்."

"விடுங்கம்மா," என்றார் பிளம்பர் ஆறுதலாக. "கட்டவே இல்லையே. கட்டாததுக்கு நஷ்டம் ஏது?"

"நான் வேணா அந்தக் காசைத் தந்துடறேன்," என்றார் கணவர்.

அதற்கு அப்புறம்தான் அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை நேரம் சேர்த்து வைத்திருந்த எரிச்சல் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் பொங்கிவிட்டது.

"காசா? காசா கேட்டேன் நான்? ரெண்டு வருஷமா அதைப் பார்த்துகிட்டிருக்கேங்க. ஒருத்தரும் அதை மதிக்கலை. நான் மட்டும்தான் நம்பினேன். நான் சொன்னபடியே நடந்துச்சு. ஆனா நான் சொன்னேன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. நீங்க ரெண்டு பேரும் சட்டையையும் மாடியையும் பார்த்துச் சொன்னது மூணு தடவை ஜெயிச்சுது, அதுக்கு ஊரே சாட்சி!"

பிளம்பர் நைசாகக் குளியலறைக்கே திரும்பிப் போனார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் கிடந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். மூன்று மாதமாகத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவர், இதுவரை அதைக் கையில் எடுத்துப் படித்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பதாவது நோட்டில் தேடியது கிடைக்காமல், எழுந்து போய் அலமாரியிலிருந்து எட்டாவதை எடுத்துவந்தார். விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனார். நேரம் போனது. ஆறாவது பந்தயம் தானாக ஓடி முடிந்தது, யாரும் பார்க்கவில்லை.

"இங்க எழுதியிருக்க," என்றார் கடைசியில். "'இவளை யாரும் நம்ப மாட்டார்கள். தூரம் நீண்டு, தரை ஊறி, நிதானமான கை கிடைத்தால் ஒருநாள் ஜெயிப்பாள்.' தேதி போட்டிருக்க. ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"ஆமா."

"மூணும் இன்னிக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நீ சரியாத்தான் சொல்லியிருக்க. நான் பார்த்துட்டேன். ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனிதர் ஒன்றைச் சரி என்று சொல்வது லேசில் நடக்கிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. அதைக் காட்டிக்கொள்ள இஷ்டமில்லாமல் நோட்டைப் பிடுங்கினாள்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் அவர். "தரை ஊறியிருக்குன்னு எழுதறியே, அதை எதை வச்சு அளக்கறது?"

"என்னங்க..."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

நாலரை மணிக்கு நாத்தனார் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை அவள் வேண்டுமென்றே ஐந்து தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தாள்.

"யாருடி அந்த ராசாத்தி?"

பொய் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை. "குதிரை, அண்ணி," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். எலும்பு டாக்டர், நோட்டுகள், சனிக்கிழமைகள், பச்சைப் பொத்தான்.

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வருஷமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? நான் என்ன மூணாம் மனுஷியா?"

திட்டுக்குத் தயாராக இருந்தவள், "அப்படியெல்லாம் இல்ல அண்ணி," என்றாள். நாத்தனார் கொஞ்சம் விக்கினார், கொஞ்சம் கோபித்தார். வைக்கப் போகிற சமயத்தில், தங்கள் வீட்டில் சனிக்கிழமை எப்போதுமே பொழுது போவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கே வந்துவிட்டார். படிக்கிற கண்ணாடி, முதுகுக்கு ஒரு தலையணை, கோபம் இன்னும் தீராத முகம். சாப்பாட்டு மேஜையில் இப்போது மூன்று நாற்காலி. கணவர் அடிக்கோலும் பென்சிலுமாகத் தனக்கென்று ஒரு நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆப்பரேட்டரம்மா அன்று காலையிலேயே பழைய போன் ஒன்றைப் பந்தயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதிலிருந்து சிம் கார்டை உருவி எடுத்திருந்தாள்.

லாஸ்ட் பஸ் மூன்று வாரம் கழித்து மறுபடி ஓடினாள். அவளுக்கு இப்போது பெயர் வந்திருந்தது. பலகையில் ஒன்றுக்கு மூன்றுதான் போட்டிருந்தார்கள். வெயில் காய்ந்து தரை கல்லாகக் கிடந்தது. ஆப்பரேட்டரம்மா கட்டவில்லை. நாத்தனார், வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கட்டினார். குதிரை ஏழாவதாக வந்தது.

"என்ன குதிரை இது, உருப்படாத குதிரை!" என்றார் நாத்தனார்.

"குதிரைமேல தப்பில்ல அண்ணி. தரை காய்ஞ்சிருக்கு."

"அதை முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவை சொன்னேன்."

"பதிமூணு நிமிஷத்துல மூணு தடவை," என்றார் கணவர், தன் நோட்டைப் பார்த்து. "ரெண்டு ஐம்பது, ரெண்டு ஐம்பத்தாறு, மூணு மணி மூணு நிமிஷம்."

அக்காவும் தம்பியும் அதைப் பற்றிச் சண்டையை ஆரம்பித்தார்கள். ஆப்பரேட்டரம்மா குனிந்து, லாஸ்ட் பஸ்ஸின் கட்டத்தில் தேதியையும் தூரத்தையும் ஏழு என்ற எண்ணையும் எழுதினாள். அடுத்த பந்தயத்துக்குக் குதிரைகள் நடந்து வரத் தொடங்கியிருந்தன. அவள் இரண்டு பேரையும் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.